தடம் வைக்காத அக்கா

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தண்ணீர் திறந்த நேரம், மூடிய நேரம், மோட்டார் ஓடாத நாள், அவ்வளவுதான். பிழைகளை எங்கள் ஊராட்சி கிளார்க் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் திருத்திய பிறகும் மிஞ்சியிருந்தால் அவை என்னுடையவை.

கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், ஒரு சிற்றூரின் தண்ணீர்த் தொட்டிக்காரன் நான். காலையும் மாலையும் வால்வைத் திறந்து மூடுவது என் வேலை. குழாய் உடைந்தால் தோண்டிச் சரி செய்வேன். இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், குழாயோடு பேச வேண்டியதில்லை. நான்கு பேர் கூடி நின்றால் அந்த வழியை விட்டுவிட்டு மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். என் கல்யாணத்தில்கூட நான் பேசியது மூன்று வார்த்தை என்று என் வீட்டுக்காரி கணக்கு வைத்திருக்கிறாள். அந்த மூன்றும் என்ன என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

நான் எழுத வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. அவர் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு முறையும் கேட்கவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார், அது போதுமாக இருந்தது. அவர் என்னைத் "தண்ணிச் சாமி" என்பார். ஊருக்கு அவரும் அவர் கூட்டத்தாரும் "பட்டறைக்காரங்க".

தை பிறந்ததும், மிளகு பறிப்புக்கு முன்னால், நான்கைந்து குடும்பங்களாக மலையேறி வருவார்கள். முன்பெல்லாம் துருத்தியும், இரும்படிக்கும் அடைகல்லும் பஸ் கூரைமேல் ஏறி எழுபது வளைவும் வளைந்து வரும். பிற்பாடு ஒரு குட்டியானை வண்டி வைத்துக்கொண்டார்கள். தார்ப்பாய் கட்டி இருபது நாள் தங்குவார்கள். எங்கள் கொடுவாளுக்கும் அரிவாளுக்கும் கொத்துக்கும் அந்த இருபது நாளில்தான் புது வாய் பிறக்கும். அவர் புருசன் குறட்டால் இரும்பைப் பிடித்திருக்க, இவர் சம்மட்டி போடுவார். ஒல்லியான உடம்பு. சம்மட்டி இறங்கும்போது எங்கள் ஊர் ஆண்கள் அரை அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

அவர்கள் தங்குகிற இடம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் சாலையோரப் புறம்போக்கு. மேல் பக்கம் ஒரு பாறை. கீழ் பக்கம் ஒரு பலா மரம். நடுவில் நான்கு தார்ப்பாய் கட்டும் அளவுக்குச் சமதரை. அந்தத் துண்டு நிலம் அவர்களுக்கு நிலைக்குமா, கைவிட்டுப் போகுமா என்று ஒரு நாள் வந்தது. அந்த நாளில் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். அவர் எங்கேயும் தடம் வைக்கமாட்டார்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் காலை வால்வு திறக்கப் போனால் அங்கே ஆட்கள் தங்கியதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. கம்பு நட்ட குழிகளில் மண் நிரப்பி மிதித்திருப்பார். கரித்தூள் இருக்காது. பட்டறையில் விழுந்த இரும்புக் கிட்டம் ஒரு துண்டுகூட இருக்காது. நிலம் முழுக்க விளக்குமாற்றுக் கோடு இருக்கும். அந்தக் கோட்டின்மேலும் பலா இலைச் சருகை அள்ளித் தூவியிருப்பார், பெருக்கியது தெரியக் கூடாதே என்று. அடுப்புக்கு வைத்த மூன்று கல்லையும் எடுத்த இடத்திலேயே, பாறை ஓரத்தில், கரி படிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார். மேலே தெரிகிற பக்கம் மழையில் கிடந்த கல் போலவே இருக்கும்.

"நம்ம ஊட்டு வாசல் ஒரு நாளைக்காவது இப்படி இருந்திருக்குதா?" என்று என் வீட்டுக்காரியே சொல்லியிருக்கிறாள். சொன்ன கையோடு, "பெருக்கறது நாந்தான்னு சொல்லிப்போடாதீங்க" என்றும் சொல்லுவாள். நான் எங்கே சொல்லப் போகிறேன்.

வருகிறபோதும் இதே குணம்தான். யாரையாவது கேட்காமல் மூட்டையை இறக்கமாட்டார். கேட்பது தலைவரை, கிளார்க்கை என்று இல்லை. வழியில் முதலில் வருகிற ஆள் யாராக இருந்தாலும் போதும். "இங்க எறக்கிக்கலாமுங்களா சாமி?" என்பார். அந்த ஆள் தலையாட்டினால் இறக்குவார்.

ஒரு வருடம் தை மாதத்தில் பருவம் தப்பிய மழை. மதியம் சாப்பிட்டுவிட்டு மோட்டார் அறைக்குப் போனேன். பட்டறைக்காரர்கள் சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் மூட்டை, எல்லாரும் நனைந்து போயிருந்தார்கள். வெகுநேரமாக நிற்பது தெரிந்தது. மழைக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை.

"ஏனுங்க, மழையில நிக்கறீங்களே. எறக்குங்க."

"கேக்கறதுக்கு ஆளு வரலீங்களே சாமி."

"வருசா வருசம் எறக்கற எடந்தானுங்களே?"

"போன வருசம் குடுத்தது போன வருசத்துக்குச் சரியாப் போச்சுங்க சாமி."

நான் பிறந்ததிலிருந்து யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை. அப்படி ஓர் அதிகாரம் எனக்கு உண்டா என்றும் தெரியாது. "எறக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.

இப்படி ஏன் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை கொடுவாளுக்குப் பிடி போடக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். கீழ்நாட்டில் ஓர் ஊர். அங்கே ஏரிக்கரையில் பதினைந்து வருடம் போலத் தங்கியிருக்கிறார்கள். அடுப்பு மேட்டை அப்படியே விட்டுப் போவார்கள், மறு வருடம் வந்து அதே மேட்டில் பற்ற வைப்பார்கள். ஒரு வருடம் ஆட்கள் திரண்டு வந்து, "மேடு கட்டி எடத்த வளைக்கப் பாக்கறீங்களா?" என்று அடைகல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள்.

"அப்பறம் என்னங்க பண்ணுனீங்க?"

"என்ன பண்றது சாமி? அந்தக் கெணத்து மீனெல்லாம் இந்நேரம் கொடுவா அடிச்சு வித்துக்கிட்டிருக்கும்" என்று சிரித்தார். பிறகு சம்மட்டியை எடுத்துக்கொண்டே, "தடம் இருந்தாத்தானுங்க வெரட்டுவாங்க. தடமே இல்லீன்னா யாரைன்னு வெரட்டுவாங்க?" என்றார்.

கோழி விசயத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் எங்கள் கோழியைக் காணவில்லை. என் வீட்டுக்காரி வாசலில் நின்று நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள். "பட்டறைக்காரங்க நேத்து வந்தாங்க, இன்னிக்குக் கோழியக் காணோம். இதுக்கு என்ன அர்த்தம்? நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே சொல்லுங்க!" அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். அக்குளில் ஒரு கறுப்புக் கோழி. கையில் ஒரு முட்டை.

"ஏனுங்கம்மா, இது உங்க கோழிங்களா? எங்க கரிமூட்டை மேல உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"என் கோழி வெள்ளைக் கோழி!"

"கழுவுனா வெள்ளைங்கம்மா."

கழுவினோம். வெள்ளைதான். முட்டை அப்போதும் சூடாக இருந்தது. அந்தக் கோழிக்குக் கரிமூட்டை பிடித்துப்போய்விட்டது. தினமும் அங்கேயே போய் முட்டையிட்டது, அவர் தினமும் முட்டையைக் கொண்டுவந்து படலுக்கு வெளியே நின்று கொடுத்தார். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரி, "அதை நீயே வெச்சுக்கோ தாயே, என்னைத் தெனம் கொல்லாத" என்றாள். அதற்கும் அவர், "உங்க கோழி உங்க முட்டைங்கம்மா" என்று வைத்துவிட்டுப் போனார்.

இப்போது பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியமானது.

பலா மரத்தடியில் முன்பு ஒரு பள்ளம் இருந்தது. சாலை போட்ட காலத்தில் மண் எடுத்த பள்ளம். இறங்கி நின்றால் நெஞ்சு மறைகிற ஆழம். அது கொஞ்சம் கொஞ்சமாக மேடேறிச் சமமாகிவிட்டது. மழையில் தூர்ந்துவிட்டது என்று ஊர் நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்தேன். தெருக் குழாய்க்குப் பைப் போட அந்த ஓரத்தில் தோண்டியபோதுதான் தெரிந்தது. ஒரு சாண் போனதும் சாம்பல். அதன் கீழே செம்மண். மறுபடி சாம்பல், கிட்டம், கரி. மறுபடி செம்மண். வெட்டிய இடத்தில் கோடு கோடாக நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பட்டறையிலிருந்து அவர் ஓடி வந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூடிருங்க சாமி. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. இத்தன வருசமா இங்க தீ போட்டோம்னு தெரிஞ்சா அன்னிக்கே ஏறக் கட்டிருவாங்க."

பெருக்கியதெல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் போகிற அன்று அந்த வருடத்துச் சாம்பலை அங்கே கொட்டி, மேலே செம்மண் போட்டு மிதித்து, சருகு தூவிவிட்டுப் போயிருக்கிறார். நான் தலையாட்டினேன். மூடினேன். பைப்பை இரண்டு அடி தள்ளி வளைத்துக் கொண்டுபோனேன். அப்போதிருந்த கிளார்க், "இங்க எதுக்கு வளைவு?" என்று கேட்டார். "கல்லு இருந்துச்சுங்க" என்றேன். நான் துணிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சில வருடம் போனது. அருவி பார்க்க வருகிற கார்களும் வேன்களும் பெருகிவிட்டன. நிறுத்த இடம் இல்லை. அந்தப் புறம்போக்கை வண்டி நிறுத்தமாக்க வேண்டும் என்று டீக்கடைக்காரர் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி ஊராட்சியில் மனுக் கொடுத்தார். அதே சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்கிறவர்கள் வழக்கமாகத் தங்கும் சாலையோர இடம் இருந்தால், அதை அவர்களுக்கென்று ஒதுக்கித் தண்ணீரும் கழிப்பறையும் ஊராட்சி செய்து கொடுக்கலாம். ஆனால் வழக்கமாகத் தங்குகிறார்கள் என்று அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும்.

புதிதாக வந்திருந்த கிளார்க் சுறுசுறுப்பானவர். இதைத் திருத்தப் போகிறவரும் அவர்தான், அதற்காக இப்படி எழுதவில்லை. அவர் மோட்டார் அறைக்கே வந்து சொன்னார்.

"தொட்டிக்காரரே, நாளைக்குக் காலைல ஆர்.ஐ. மேடமும் சர்வேயரும் வராங்க. பட்டறைக்காரங்ககிட்ட நீங்க போய்ச் சொல்லிருங்க. எல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும். பட்டறை ஓடட்டும், அடுப்பு எரியட்டும். கண்ணால பாத்தாத்தான் எழுதுவாங்க. இல்லீன்னா எடம் வண்டிக்குப் போயிரும். புரியுதுங்களா?"

"சரிங்க."

போனேன். பட்டறையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் கொடுவாளுக்குக் காத்திருக்கிறவர்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "என்னங்க தொட்டிக்காரரே, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன், எல்லாம் கலைந்துவிட்டது.

"ஏனுங்க, நாளைக்கு ஆபீசர் வாராங்க. எடத்தப் பாக்க."

அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி நடந்துவிட்டேன். "எடத்தத்தானுங்களே சாமி, நாங்க பாத்துக்கறோம்" என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மீதியைச் சொல்லாமலே மிளகுத் தோட்டத்து வழியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆர்.ஐ. மேடம் கையில் எலுமிச்சம்பழத்தோடு இறங்கினார். எழுபது வளைவும் அவர் முகத்தில் தெரிந்தது. கிளார்க்கும் தலைவரம்மாவும் டீக்கடைக்காரரும் நின்றார்கள். நான் பாறைக்குப் பின்னால் நின்றேன்.

புறம்போக்கில் ஒன்றும் இல்லை.

தார்ப்பாய் இல்லை, துருத்தி இல்லை, கம்பு நட்ட குழி இல்லை. தரை பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில், மூட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்து, குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டு, பட்டறைக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஆபீசர் வருகிறார் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அவர் கண்ணில் எதுவும் படக் கூடாது. விடியும் முன்பே எழுந்து எல்லாவற்றையும் பிரித்திருக்கிறார்கள். நான் பாதி சொல்லிவிட்டுப் போனதன் பலன்.

கிளார்க் என்னைத் தேடினார். நான் பாறையோடு ஒட்டிக்கொண்டேன்.

"எங்க தங்கறாங்க?" என்றார் மேடம்.

"இங்கதாங்க மேடம்... நேத்து வரைக்கும்..." என்று கிளார்க் இழுத்தார்.

"நாந்தான் சொன்னனுங்களே, எப்பவாவது வருவாங்க, போவாங்க. தங்கறதெல்லாம் இல்லீங்க" என்றார் டீக்கடைக்காரர்.

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "ஒரு அடுப்புத் தடம்கூட இல்லியேங்க." சாலையைத் தாண்டிப் போய், சம்மட்டி போடுகிற அவரிடமே கேட்டார். "நீங்க எங்கம்மா தங்கியிருக்கீங்க?"

அவர் முகத்தில் பெருமை இருந்தது. இத்தனை சுத்தமாக எந்த இடத்தை எந்த ஆபீசர் பார்த்திருக்கப் போகிறார். கைகூப்பிக்கொண்டு சொன்னார், "நாங்க இங்க தங்கறதே இல்லீங்கம்மா. சும்மா போற வழில நின்னோம். இப்பக் கெளம்பிருவோம்ங்க."

கிளார்க் நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடம் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். எனக்குப் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது என்றால் நம்பமாட்டீர்கள், அத்தனை தூரத்தில் கேட்காது. ஆனால் கேட்டது.

போய்ச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து பார்த்தேன், காற்றுதான் வந்தது. மோட்டார் அறைக்கு ஓடினேன். மண்வெட்டியை எடுத்துவந்து பலா மரத்தடியில் வெட்ட ஆரம்பித்தேன்.

"என்னங்க தொட்டிக்காரரே, இப்பப் பாத்துப் பைப்பு ஒடஞ்சுபோச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

நான் நிமிரவில்லை. நான்கு வெட்டு விழுந்திருக்கும், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஓடி வந்தார். "சாமி, வேண்டாம் சாமி! வேண்டாம்ங்க! என்ன சாமி இப்படிப் பண்றீங்க?" காம்பைப் பிடித்தார். அன்று மாதிரியே பிடித்தார். அன்று நான் நிறுத்தினேன். இன்று அவர் கையை விலக்கிவிட்டு வெட்டினேன். அவர் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அந்த ஏரிக்கரை ஆட்களை இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

இடுப்பளவு வெட்டிய பிறகு பக்கச் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டேன். ஒதுங்கி நின்றேன். விரலால் காட்டினேன்.

சாம்பல், செம்மண், சாம்பல், செம்மண். வெள்ளையும் சிவப்புமாகப் போர்வைகளை மடித்து அடுக்கின மாதிரி.

மேடம் வந்து பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்தார். சர்வேயர் குழிக்குள் இறங்கி, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இடையில் ஒரு கிட்டம் உதிர்ந்து விழுந்தது, ஓர் உடைந்த அரிவாள் மூக்கு விழுந்தது. எண்ணிக்கையில் இரண்டு பேருக்கும் தகராறு. சர்வேயர் இருபத்தொன்று என்றார், மேடம் இருபத்திரண்டு என்றார். கீழே இன்னும் இருக்கிறது என்று நான் விரலைக் கீழ்நோக்கிக் காட்டினேன்.

"வருசத்துக்கு ஒரு வரியா?" என்று மேடம் என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "எத்தனை வருசமா வரீங்கம்மா?"

அவர் என்னைத்தான் பார்த்தார். அப்போது என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கக்கா. மறைச்சா எடம் போயிரும். சொன்னாத்தான் கெடைக்கும்."

இத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவரை அக்கா என்றதும் முதல் தடவை. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. காது சூடானதா என்று ஞாபகம் இல்லை.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்தார். "என் மூத்த மக பொறந்ததுல இருந்துங்கம்மா" என்றார், மெதுவாக.

"எங்க பொறந்துச்சு?"

அவர் குழியைத் தாண்டிப் பலா மரத்தின் வேரைக் காட்டினார். "தோ, அங்கதாங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் ஜீப்புக்குப் போனார். எழுதியிருந்ததன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டார். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது.

ஜீப் போன பிறகு நான் குழியை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லமாட்டேன்னு தலையாட்டுனீங்க சாமி."

"ஆமாங்க."

"சொல்லவும் இல்லீங்க. தோண்டிப்போட்டீங்க." சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மண்ணைத் தள்ளினேன். அவரும் காலால் மிதித்துக் கொடுத்தார். பழக்கம் விடவில்லை, மேலே சருகையும் தூவினார்.

இடம் உடனே கிடைத்துவிடவில்லை. காகிதம் மலை இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஆறேழு மாதம் ஆனது. கிராம சபையில் கை தூக்கச் சொன்னபோது டீக்கடைக்காரரும் தூக்கினார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னத்தச் சிரிக்கறீங்க? வேனு நிக்கறதுக்குப் பள்ளிக்கூடத்து மேலண்ட எடம் இருக்குதுங்க. கொடுவாளுக்கு உக்கார்றவன் ஒருத்தன் நாலு டீ குடிக்கறான், வேன்ல வர்றவன் பாட்டல்ல தண்ணி கொண்டாறான்" என்றார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஊராட்சி இரண்டு கழிப்பறை கட்டியது. குழாய் இழுத்தது நான். இந்த முறை வளைக்காமல் நேராகக் கொண்டுபோனேன். ஒரு பலகையும் நட்டார்கள்.

அடுத்த தையில் குட்டியானை வந்து நின்றது. அக்கா இறங்கினார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையிலேயே நின்றார். நான் குழாயடியில் இருந்தேன்.

"இங்க எறக்கிக்கலாமுங்களா சாமி?"

பலகையைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கும் நேரமானது, நடுவில் ஒரு பெரிய வார்த்தை வேறு. 'ஊர் ஊராகச் சென்று தொழில் செய்வோருக்காக ஒதுக்கப்பட்டுள்ள தங்கும் இடம்.' அவர் மூட்டையோடு நின்று முழுவதும் கேட்டார்.

"மறுக்கா ஒருக்காப் படிங்க சாமி" என்றார்.

படித்தேன். அப்புறம்தான் இறக்கினார்.

இருபது நாள் கழித்துப் போனார்கள். மறுநாள் காலை வால்வு திறக்கப் போனேன். எப்போதும் போலத் தரை பெருக்கியிருந்தது. குழிகள் மூடியிருந்தன. குழாயடிகூடக் கழுவியிருந்தது. நான் வழக்கமாக அந்த அடுப்புக் கற்களைப் பாறை ஓரத்தில் பார்ப்பேன், அன்று அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தால் நிலத்தின் நடுவில், அடுப்பு எரிந்த இடத்திலேயே, மூன்று கல்லும் முக்கோணமாக நின்றன. கவிழ்க்கவில்லை. கரி படிந்த பக்கம் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி, யாருக்கு வேண்டுமானாலும் தெரிகிற மாதிரி. அன்றைக்கு வால்வை அரை மணி நேரம் பிந்தித்தான் திறந்தேன். நோட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'கல்' என்று எழுதினேன். கிளார்க் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா இப்போது மலை ஏறுவதில்லை. முழங்காலில் பலமில்லையாம். கீழ்நாட்டில் இளைய மகளோடு இருக்கிறாராம். இதைப் போன தையில் சொன்னது பலா மரத்தடியில் பிறந்த மூத்த மகள். சம்மட்டி இப்போது அவள் கையில். அம்மாவை விட வேகமாகப் போடுகிறாள், ஆண்கள் ஓர் அடி நகர்கிறார்கள். "தண்ணிச் சாமி எப்படி இருக்காருன்னு அம்மா கேக்கச் சொல்லுச்சுங்க" என்றாள். "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதுதான் எழுதிவிட்டேன். யாராவது அக்காவுக்குப் படித்துக் காட்டினால் நல்லது. பெரிய வார்த்தை வரும் இடத்தில் இரண்டு தடவை படிக்கவும்.

இன்று காலை அவர்கள் வந்ததை நான் தொட்டிமேல் நின்று பார்த்தேன். வண்டி நின்றது. மூத்த மகள் குதித்து இறங்கினாள். சாலையில் டீக்கடைக்காரர் நின்றார், இரண்டு பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே நடந்து போய் மூட்டையை இறக்கினாள். மூன்று கல்லின்மேல் பானையை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

நான் கீழே இறங்கி வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டேன்.

எழுதிய நாள்: தை ஒன்பது, வெள்ளிக்கிழமை.